வைஃபை ஸ்லோ என்றால் எது ஸ்லோ? வீட்டிலேயே அளந்து பார்க்க ஒரு சோதனை அமைப்பு

திருகோணமலையில் "வைஃபை ஸ்லோ" என்ற இரண்டு சொல்லுக்குள் பலவிதமான குறைகள் அடங்கிவிடுகின்றன. உப்புவெளி விடுதியில் தங்கியிருப்பவருக்கு வீடியோ அழைப்பு உறைந்து உறைந்து வருகிறது. அலஸ்தோட்டத்தில் ஒரு வீட்டில் விறாந்தையில் நன்றாக ஓடும் யூடியூப், குசினிக்குள் போனதும் சுற்றத் தொடங்குகிறது. நகரத்துக்குள் ஒரு கடையில் பகல் முழுக்கப் பிரச்சினை இல்லை, இரவு எட்டு மணிக்கு மேல் கார்டு இயந்திரம்கூட இழுக்கிறது. மூன்றுக்கும் காரணம் வேறு வேறாக இருக்கலாம். ஆனால் மூவரும் செய்வது ஒன்றுதான். போனில் ஸ்பீட் டெஸ்ட் ஒன்றை ஓடவிட்டு, வந்த எண்ணைப் பார்த்து, ஒன்றில் இணைப்புத் தந்த நிறுவனத்தைத் திட்டுவார்கள், இல்லையென்றால் புதிய ரவுட்டர் வாங்குவார்கள்.

அந்த எண் வைஃபையை மட்டும் அளந்து தந்த எண் கிடையாது. இது தெரியாததால் எத்தனையோ வீடுகளில் தேவையில்லாமல் பணம் செலவாகிறது. நல்ல ரவுட்டரைத் தூக்கி வைத்துவிட்டு இன்னொன்று வாங்குகிறார்கள், குறை அப்படியே இருக்கிறது. வைஃபையைத் தனியாகப் பிரித்து அளப்பது பெரிய வித்தை இல்லை. இரண்டு கணினி, ஒரு கேபிள், ஓர் இலவச மென்பொருள், கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும்.

ஸ்பீட் டெஸ்ட் எதை அளக்கிறது?

உப்புவெளியில் கடற்கரைப் பக்கம் ஓர் ஒழுங்கைக்குள் வீடு இருக்கிறது என்று வையுங்கள். அங்கிருந்து கொழும்புக்குப் போக வேண்டும். ஒழுங்கையைக் கடந்து பிரதான வீதிக்கு வந்து, பிறகு ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாக ஏ6 வீதியில் அம்பேபுஸ்ஸ வரை ஓடி, அங்கிருந்து கொழும்பு. போய்ச் சேர எடுத்த மொத்த நேரத்தை மட்டும் ஒருவர் சொன்னால், தாமதம் எங்கே நடந்தது என்று நமக்குத் தெரியுமா? ஒழுங்கைக்குள் ஒரு லொறி குறுக்கே நின்றிருக்கலாம். தம்புள்ளையில் நெரிசல் இருந்திருக்கலாம். மொத்த நேரம் இரண்டையும் ஒன்றாகக் கலந்துதான் காட்டும்.

வைஃபை அந்த ஒழுங்கை. உங்கள் போனுக்கும் ரவுட்டருக்கும் இடையில் உள்ள அந்தச் சில மீட்டர் மட்டும்தான் அது. ரவுட்டரைத் தாண்டிய பிறகு ஃபைபரிலோ 4ஜியிலோ போய், இணைப்பு நிறுவனத்தின் வலையமைப்பு வழியாக எங்கோ இருக்கும் ஒரு சேவையகத்தை அடைவது பிரதான வீதிப் பயணம். சேவையகம் என்றால் நாம் கேட்டதை அனுப்பிக்கொண்டிருக்கும் மறுமுனைக் கணினி. ஸ்பீட் டெஸ்ட் செயலி போனிலிருந்து அந்தச் சேவையகம் வரை முழுப் பாதையையும் சேர்த்து அளக்கிறது. பாதையில் எந்தத் துண்டு மிக மெதுவோ, அதன் வேகம்தான் எண்ணாக வரும். எது அந்தத் துண்டு என்று செயலி சொல்லாது.

ஆகவே வைஃபையைச் சோதிப்பது என்றால் ஒழுங்கையின் தொடக்கத்தில் ஓர் ஆள், முடிவில் ஓர் ஆள் நின்று கடிகாரம் பார்ப்பது. இரண்டு முனையும் உங்கள் வளவுக்குள்ளேயே இருக்கும். இன்டர்நெட் இணைப்பு அறுந்து கிடந்தாலும் இந்தச் சோதனை நடக்கும்.

ஒழுங்கைக்குள் ஒரு நேரத்தில் ஒரு வண்டி

அந்த ஒழுங்கை ஒற்றை வண்டி அகலம்தான். எதிரே ஒன்று வந்தால் மற்றது ஒதுங்கி நிற்க வேண்டும். வைஃபையின் அடிப்படை இயல்பும் இதுதான். ஒரே அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் அனுப்பலாம். உங்கள் போன், மகளின் லப்டொப், டிவி, ரவுட்டர் எல்லாம் முறை வைத்துத்தான் பேசுகின்றன. ரவுட்டரும் இந்த வரிசையில் ஓர் ஆள்தான்.

நடப்பது இப்படி. ஒரு கருவி அனுப்பும் முன் காற்றை உற்றுக் கேட்கும். வேறு யாரும் அனுப்பவில்லை என்றால் ஒரு சிறு நேரம் காத்திருந்து ஒரு பொட்டலத்தை அனுப்பும். பொட்டலம் என்பது தகவலைத் துண்டு துண்டாக வெட்டிய ஒரு துண்டு. அது சரியாகக் கிடைத்ததும் மறுபக்கம் "கிடைத்தது" என்று ஒரு குறும் பதில் அனுப்பும். பதில் வராவிட்டால் பொட்டலம் வழியில் கெட்டுவிட்டது என்று எடுத்துக்கொண்டு, மீண்டும் காத்திருந்து, மீண்டும் அனுப்பும். சிக்னல் மங்கினால் கருவிகள் தாமாகவே மெதுவான, ஆனால் தெளிவாகக் கேட்கக்கூடிய முறைக்கு மாறிவிடும்.

கடைசி விஷயம் பலருக்குத் தெரியாது, ஆனால் முக்கியமானது. வீட்டின் கடைசி அறையில் மங்கிய சிக்னலில் இருக்கும் பழைய போன் ஒன்று அதே பொட்டலத்தை அனுப்பப் பல மடங்கு நேரம் எடுக்கும். அவ்வளவு நேரமும் காற்று அதன் கையில். ரவுட்டருக்குப் பக்கத்தில் புது லப்டொப்போடு உட்கார்ந்திருப்பவரும் காத்திருக்க வேண்டியதுதான். பருவகாலத்தில் நிலாவெளி, உப்புவெளி விடுதிகளில் அறைகள் நிரம்பியதும் எல்லாருக்கும் ஒன்றாக வேகம் விழுவதற்கு இது ஒரு பெரிய காரணம். இணைப்பின் வேகத்தைக் கூட்டி வாங்கினால் இந்தக் குறை தீராது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: ஸ்பீட் டெஸ்ட் முழுப் பாதையை அளக்கிறது, வைஃபை அதில் முதல் துண்டு. அந்தத் துண்டில் எல்லாரும் ஒரே காற்றைப் பகிர்கிறார்கள், தூரத்தில் உள்ள மெதுவான ஒரு கருவி மற்றவர்களையும் இழுத்துப் பிடிக்கும்.

பெட்டியில் உள்ள எண், திரையில் உள்ள எண், உண்மையான எண்

ரவுட்டர் பெட்டியில் 1200 என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். அது 2.4 ஜிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் 300, 5 ஜிகாஹேர்ட்ஸில் 867 என்ற இரண்டையும் கூட்டி, மேலே முழுமையாக்கிய எண். ஒரு போன் வழக்கமாக இரண்டில் ஒன்றில்தான் இணைந்திருக்கும். எனவே எந்த ஒரு போனுக்கும் 1200 கிடைக்காது.

லப்டொப்பின் வைஃபை விவரத்தைத் திறந்தால் 433 அல்லது 866 என்று ஓர் எண் காட்டும். இதற்கு லிங்க் ரேட் என்று பெயர்: இந்தக் கணத்தில் ஒரு பொட்டலம் காற்றில் போகும் வேகம். காத்திருக்கும் நேரம், "கிடைத்தது" என்ற பதில்கள், மறுபடி அனுப்பியவை எதுவும் இதில் கழிக்கப்படவில்லை. கழித்த பிறகு உண்மையில் வந்து சேரும் தகவலின் அளவுக்கு த்ரூபுட் என்று பெயர். ரவுட்டருக்கு அருகில், அமைதியான காற்றில், லிங்க் ரேட்டில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை த்ரூபுட்டாகக் கிடைத்தால் நல்லது. 433 காட்டும் போனில் 250 வந்தால் எதுவும் பழுதில்லை.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். இணைப்பு வேகம் மெகாபிட்டில் சொல்லப்படும், கோப்பின் அளவு மெகாபைட்டில். 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். 80 மெகாபிட் இணைப்பில் ஒரு படம் செக்கனுக்கு 10 மெகாபைட் என்ற கணக்கில் இறங்கினால் அது முழு வேகம். இதில் எட்டில் ஏழு பங்கு களவு போய்விட்டது என்று சண்டைக்குப் போகத் தேவையில்லை.

சிக்னல் கோடுகளை நம்பலாமா?

போனின் மூலையில் தெரியும் கோடுகள் சிக்னலின் பலத்தைத்தான் காட்டுகின்றன, வேகத்தைக் காட்டவில்லை. எத்தனை கோடு எவ்வளவு பலம் என்பதையும் ஒவ்வொரு போன் தயாரிப்பாளரும் தம் விருப்பப்படி வைத்துக்கொள்கிறார்கள். சோதனைக்கு வேண்டியது டிபிஎம் என்ற அலகில் வரும் எண். வந்து சேரும் சிக்னலின் பலத்தைச் சொல்லும் அலகு இது, எப்போதும் கழித்தல் குறியோடு வரும். −40 என்றால் ரவுட்டருக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள். −67 வரை வீடியோ அழைப்புக்குத் தாராளம். −80ஐத் தாண்டினால் இணைந்திருக்கும், வேலை நடக்காது.

இந்த அலகில் 10 குறைந்தால் பலம் பத்தில் ஒன்றாகிறது. எனவே −50க்கும் −70க்கும் இடையில் உள்ளது நூறு மடங்கு வித்தியாசம். ஒரு கொங்கிரீட் சுவர், தகரம் அடித்த மறைப்பு, முகம் பார்க்கும் கண்ணாடி பதித்த அலுமாரி, நிரம்பிய தண்ணீர்த் தாங்கி ஆகியவை நடுவில் வந்தால் எண் எப்படி விழுகிறது என்று நடந்து பார்த்தாலே புரியும். ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அனலைசர் என்று தேடினால் கிடைக்கும் செயலிகள் இதைக் காட்டும். ஐபோனில் செயலிகளுக்கு இந்த விவரம் பெரிதாகத் திறந்துவிடப்படவில்லை, ஆகவே ஆண்ட்ராய்டு ஒன்றை இரவல் வாங்குங்கள்.

சிக்னல் நன்றாக இருந்தும் வேகம் குறைவாக இருக்கலாம். பக்கத்து வீட்டு ரவுட்டர்களும் அதே காற்றில் முறை கேட்டுக்கொண்டிருந்தால் அப்படித்தான் ஆகும். அதனால்தான் கோடுகளோடு நின்றுவிடாமல் த்ரூபுட்டை அளக்க வேண்டும்.

என்னென்ன வேண்டும்

முதலாவது, நகராத கணினி. இது ரவுட்டரின் லேன் சொக்கட்டில் கேபிள் மூலம் இணைந்திருக்கும், சோதனை முழுக்க அதன் வைஃபை அணைந்திருக்கும். இது ஒழுங்கை முனையில் கடிகாரத்தோடு நிற்கும் ஆள். பழைய கணினியாக இருந்தாலும் பரவாயில்லை, ஆனால் அதன் நெட்வொர்க் சொக்கட் ஜிகாபிட் (செக்கனுக்கு 1000 மெகாபிட்) வகையாக இருந்தால் நல்லது. மெல்லிய லப்டொப்களில் இந்தச் சொக்கட் இருக்காது. யுஎஸ்பியில் செருகும் மாற்றி வாங்கலாம். வாங்கும்போது யுஎஸ்பி 3, ஜிகாபிட் என்று இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, நகரும் கருவி. லப்டொப்பாக இருந்தால் வசதி, போனும் ஆகும். எதுவானாலும் சோதனை முடியும் வரை அதே கருவிதான். ஒரு போனில் அன்டெனா ஒன்று, இன்னொன்றில் இரண்டு இருக்கும். 5 ஜிகாஹேர்ட்ஸில் 433, 866 என்ற இரண்டு லிங்க் ரேட்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இந்த ஓர் அன்டெனாதான். நேற்று அண்ணனின் போனில் அளந்ததையும் இன்று உங்கள் போனில் அளந்ததையும் ஒப்பிட்டால் அளப்பது போனைத்தான்.

மூன்றாவது கேபிள். கேட்5இ என்று உறையில் அச்சிட்டிருந்தால் போதும், அதைவிட விலை கூடியது வீட்டுச் சோதனைக்குத் தேவையில்லை.

நான்காவது மென்பொருள். இந்த வேலைக்கு உலகம் முழுக்கப் பயன்படுவது ஐபெர்ஃப்3 என்ற இலவச மென்பொருள். இரண்டு கணினியிலும் போட வேண்டும். நகராத கணினியில் அது சேவையகமாகக் காத்திருக்கும். நகரும் கருவியில் வாடிக்கையாளராக ஓடி, நகராத கணினியின் உள்வீட்டு முகவரியைத் தேடிப்போய் இணையும். அந்த முகவரி பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். பிறகு, நாம் வேறு நேரம் சொல்லாவிட்டால், பத்து செக்கனுக்கு வெற்றுத் தகவலை நினைவகத்திலிருந்து எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாக அனுப்பி, செக்கனுக்கு எத்தனை மெகாபிட் போனது என்று சொல்லும். கோப்பு எதையும் படிக்காததால், எழுதாததால் வன்தட்டின் மந்தம் கணக்கில் கலக்காது. ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் படத்தைப் பிரதி செய்து நேரம் பார்ப்பதை விட இது நம்பகமானது.

இங்கே புதிதாகத் தொடங்குபவர் எல்லாரும் தடுக்கும் ஒரு கல் இருக்கிறது. ஐபெர்ஃப்3 வழக்கமாக வாடிக்கையாளரிடமிருந்து சேவையகத்துக்குத்தான் அனுப்பும். நகரும் லப்டொப் வாடிக்கையாளர் என்றால் முதலில் வரும் எண் பதிவேற்ற வேகம். நாம் அதிகம் கவலைப்படும் இறக்க வேகத்தைப் பார்க்க, கட்டளையின் முடிவில் எதிர்த்திசைக்கான பெரிய ஆர் எழுத்தைச் சேர்க்க வேண்டும். இரண்டையும் அளந்து இரண்டையும் எழுதுங்கள். போனின் அனுப்பும் பலம் வழக்கமாக ரவுட்டரினதைவிடக் குறைவு என்பதால், தூர அறைகளில் பதிவேற்றம் முதலில் விழும். வீடியோ அழைப்பில் நமக்கு மறுபக்கம் தெளிவாகத் தெரிய, அவர்களுக்கு நம் முகம் உறைந்து நிற்பது இதனால்தான்.

இணையவே மாட்டேன் என்று மென்பொருள் அடம்பிடித்தால் இரண்டு இடத்தைப் பாருங்கள். நகராத கணினியின் ஃபயர்வோல் 5201 என்ற வாசலை மூடி வைத்திருக்கலாம். ஐபெர்ஃப்3 பயன்படுத்தும் வாசல் அது, அதற்கு மட்டும் அனுமதி கொடுங்கள். அல்லது லப்டொப் விருந்தினருக்கான கெஸ்ட் வைஃபையில் இணைந்திருக்கலாம். அதில் இருக்கும் கருவி வீட்டின் மற்றக் கருவிகளோடு பேச முடியாதபடி ரவுட்டரே தடுத்துவிடும்.

முதல் அளவு கேபிளில்

வைஃபையைத் தொடும் முன் இரண்டு கணினியையும் ரவுட்டரில் கேபிளால் இணைத்து ஒரு தடவை அளந்துவிடுங்கள். பெரும்பாலானவர்கள் விட்டுவிடும் படி இது. என் அனுபவத்தில் பாதிக் குழப்பம் இதிலேயே தெளிந்துவிடும்.

940 மெகாபிட் அளவில் வந்தால் சொக்கட்டும் கேபிளும் ஜிகாபிட்டில் நன்றாக வேலை செய்கின்றன. 94 அளவில் நின்றுவிட்டால் பாதையில் எங்கோ 100 மெகாபிட் தடை இருக்கிறது. விலை குறைந்த ரவுட்டர்கள் பலவற்றிலும் 4ஜி ரவுட்டர்கள் பலவற்றிலும் சொக்கட்டே 100 மெகாபிட் வகைதான். அப்படி என்றால், வைஃபை எவ்வளவு நன்றாக இருந்தாலும் இந்தச் சோதனையில் 94ஐத் தாண்டிக் காட்டாது. அது வைஃபையின் எல்லை என்று நினைத்துவிடக் கூடாது.

ரவுட்டர் ஜிகாபிட், கணினி ஜிகாபிட், ஆனாலும் 94 என்றால் கேபிளைச் சந்தேகியுங்கள். கேபிளுக்குள் நான்கு சோடிக் கம்பிகள் உண்டு. ஜிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும், 100 மெகாபிட்டுக்கு இரண்டு போதும். ஒரு சோடி கெட்டால் இணைப்பு அறுந்து போகாமல், சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடுவது வழக்கம். கடலோரத்தில் இது கூடுதலாக நடக்கும். உப்புக்காற்று பிளக்கின் உலோக முனைகளை மெல்லத் தின்றுவிடும், வெளியில் பார்க்க எல்லாம் சரியாகவே இருக்கும். பிளக்கைக் கழற்றி முனைகளில் பச்சை அல்லது மங்கிய படிவு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் பிளக்கை வெட்டிவிட்டுப் புதிதாகப் பொருத்தச் சொல்லுங்கள், அல்லது வேறு கேபிளால் திரும்ப அளந்து பாருங்கள்.

அதாவது, கேபிளில் கிடைத்த எண்தான் உச்சவரம்பு. இனி வைஃபையில் வரும் ஒவ்வோர் எண்ணையும் இதோடு ஒப்பிட்டுத்தான் படிக்க வேண்டும்.

காற்றைச் சுத்தம் செய்தல்

சோதனை நேரத்தில் வீட்டில் வேறு யாரும் வைஃபை பயன்படுத்தக் கூடாது. டிவியை அணைத்து, மற்றப் போன்களைப் பறக்கும் நிலைக்கு மாற்றுங்கள். சோதிக்கும் லப்டொப்பில் விண்டோஸ் புதுப்பிப்பு, புகைப்பட ஒத்திசைவு, விபிஎன் ஆகியவற்றை நிறுத்துங்கள். லப்டொப்பை மின்சாரத்தில் செருகி வையுங்கள், பற்றரியில் ஓடும்போது பல லப்டொப்கள் வைஃபையின் பலத்தைக் குறைத்து மின்சாரம் சேமிக்கும்.

ரவுட்டர் அமைப்பில் 2.4க்கும் 5க்கும் ஒரே பெயர் இருந்தால் தற்காலிகமாக இரண்டு பெயராகப் பிரியுங்கள். இல்லாவிட்டால் நடு வழியில் கருவி ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவிவிடும், எதை அளந்தோம் என்றே தெரியாமல் போகும். சேனலையும் தானியங்கியிலிருந்து எடுத்து ஓர் எண்ணில் நிறுத்துங்கள். சேனல் என்பது அலைவரிசையை வெட்டிய ஒரு பங்கு.

எந்தச் சேனல்? 2.4 ஜிகாஹேர்ட்ஸில் 1, 6, 11 மூன்றில் ஒன்று. இவை மூன்றும்தான் ஒன்றின் மேல் ஒன்று ஏறாதவை. காலியாகத் தெரிகிறது என்று 3ஐப் போட்டால் 1இல் உள்ளவருக்கும் 6இல் உள்ளவருக்கும் இடைஞ்சல், உங்களுக்கும் இடைஞ்சல். இந்த அலைவரிசையிலேயே மைக்ரோவேவ் அடுப்பும் வேலை செய்கிறது என்பதால் அதை அணைத்து வையுங்கள்.

5 ஜிகாஹேர்ட்ஸில் 36 முதல் 48 வரை உள்ளவை சோதனைக்கு நிம்மதி. 52 முதல் 144 வரை உள்ள சேனல்களை வைஃபை ராடார்களோடு பகிர்கிறது. வானிலை ராடார், இராணுவ ராடார் போன்றவற்றுக்கு அங்கே முன்னுரிமை. பல நாடுகளின் விதிப்படி ரவுட்டர் அந்தச் சேனலுக்குப் போகும் முன் குறைந்தது ஒரு நிமிடம் உற்றுக் கேட்க வேண்டும். ராடார் சிக்னல் பட்டால் பத்து செக்கனுக்குள் வெளியேறி, அரை மணித்தியாலம் திரும்ப வரக் கூடாது. கடற்படைத் தளமும் சீனக்குடா விமானத்தளமும் உள்ள ஊரில் இருப்பவர்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. எந்தக் காரணமும் தெரியாமல் 5 ஜிகாஹேர்ட்ஸ் மறைந்து பிறகு வருகிறது என்றால் முதலில் சேனல் எண்ணைப் பாருங்கள்.

அளக்கும் முறை

நான்கைந்து இடங்களைத் தேர்ந்தெடுங்கள். ரவுட்டரிலிருந்து இரண்டு மூன்று மீட்டரில் ஒன்று, ஒரு சுவருக்கு அப்பால் ஒன்று, வழக்கமாகக் குறை வரும் இடம், பிறகு விறாந்தை அல்லது மாடி. ஒவ்வோர் இடத்திலும் கதிரையோ முக்காலியோ வைத்து, நிலத்தில் டேப் ஒட்டி அடையாளம் இடுங்கள். லப்டொப் எப்போதும் அதே உயரத்தில், அதே திசை பார்த்து இருக்கட்டும். போன் என்றால் கையில் பிடிக்காமல் மேசையில் வையுங்கள், கையும் உடம்பும் பெரும்பாலும் தண்ணீர், தண்ணீர் இந்த அலைகளை உறிஞ்சும். அரை அடி தள்ளி வைத்தாலே எண் மாறும். சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகள் ஓரிடத்தில் ஒன்றையொன்று கூட்டும், பக்கத்திலேயே ஒன்றையொன்று அழிக்கும். டேப் ஒட்டச் சொல்வது இதற்காகத்தான்.

ஒவ்வோர் இடத்திலும் டிபிஎம், இறக்கம், பதிவேற்றம் மூன்றையும் எழுதுங்கள். ஒரு தடவை அளந்தது அளவே ஆகாது. ஐந்து தடவை முப்பது செக்கன் வீதம் ஓடவிட்டு, ஐந்து எண்ணையும் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி நடுவில் வருவதை எடுங்கள். சராசரி எடுத்தால் தற்செயலாக விழுந்த ஓர் எண் மொத்தத்தையும் கெடுத்துவிடும், நடு எண் அப்படிக் கெடாது. ஆனால் மிகச் சிறியதையும் மிகப் பெரியதையும் அழிக்காமல் பக்கத்தில் எழுதி வையுங்கள். உதாரணத்துக்கு, நடு எண் 80, மற்றவை 75க்கும் 85க்கும் இடையில் என்றால் அது உறுதியான இணைப்பு. நடு எண் அதே 80, ஆனால் ஒரு தடவை 10, ஒரு தடவை 140 என்றால் வீடியோ அழைப்புக்கு அந்த இடம் உதவாது.

எல்லாவற்றையும் காலையில் ஒரு தடவை, இரவு எட்டு ஒன்பது மணிக்கு ஒரு தடவை செய்யுங்கள். வீடுகள் நெருங்கிய திருக்கடலூர் போன்ற பகுதிகளில் இரவில் அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் எல்லாம் முழு வேலையில் இருக்கும். டிபிஎம் மாறாமல் இரவில் த்ரூபுட் மட்டும் விழுந்தால் காரணம் நெரிசல், உங்கள் ரவுட்டரின் பலவீனம் இல்லை. 2.4இல் அப்படி விழுந்து 5இல் விழாவிட்டால் தீர்வும் கையிலேயே இருக்கிறது.

ஏதாவது மாற்றிப் பார்ப்பதானால் ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ரவுட்டரை அலுமாரிக்கு மேலிருந்து எடுத்துச் சுவரில் மாட்டி, அதே கையோடு சேனலையும் மாற்றினால், எது உதவியது என்று யாராலும் சொல்ல முடியாது.

வேகம் இருந்தும் அழைப்பு வெட்டுகிறதா?

சூம் வகுப்புக்குச் சில மெகாபிட் போதும். அதற்கு வேண்டியது ஒழுங்கு. பொட்டலம் போய்ப் பதில் வர எடுக்கும் நேரத்துக்குத் தாமதம் என்று பெயர், மில்லிசெக்கனில் அளப்பார்கள். ஒன்று 5இல் வந்து அடுத்தது 90இல் வந்தால் அந்த ஏற்ற இறக்கத்துக்கு ஜிட்டர் என்று பெயர். வராமலே போனால் பொட்டல இழப்பு.

இதை அளக்க பிங் என்ற கட்டளை எல்லாக் கணினியிலும் முன்பே இருக்கிறது. ரவுட்டரின் முகவரிக்கு, பெரும்பாலும் 192.168.1.1, சில நிமிடம் தொடர்ந்து பிங் செய்யுங்கள். நல்ல வைஃபையில் ஒற்றை இலக்க மில்லிசெக்கனில் வந்துகொண்டிருக்கும். பிறகு ஐபெர்ஃப்3 ஓடிக்கொண்டிருக்கும்போதே பிங்கையும் ஓடவிடுங்கள். எண்கள் நூறு, இருநூறு என்று தாவினால், வீட்டில் ஒருவர் பெரிய கோப்பு இறக்கும்போது மற்றவரின் அழைப்பு ஏன் வெட்டுகிறது என்பதற்குக் காரணம் கிடைத்துவிட்டது. அடுத்ததாகக் கூகுள் சேவையகம் 8.8.8.8க்கு பிங் செய்யுங்கள். ரவுட்டர் வரை எல்லாம் ஒழுங்கு, அதற்கு அப்பால்தான் தாவுகிறது என்றால் குறை பிரதான வீதியில்.

எண்களை வைத்து என்ன செய்வது?

ரவுட்டர் அருகில் த்ரூபுட் நன்றாக இருந்து குசினியில் டிபிஎம்மும் த்ரூபுட்டும் சேர்ந்து விழுந்தால் அது தூரமும் சுவரும். ரவுட்டரை வீட்டின் நடுவுக்கு நகர்த்தித் திரும்ப அளந்து பாருங்கள், செலவில்லாத வழி அது. ரிப்பீட்டர் வாங்குவதாக இருந்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர், ஒவ்வொரு பொட்டலத்துக்கும் காற்றை இரண்டு தடவை எடுக்கிறது. கோடுகள் நிறையும், வேகம் ஏறத்தாழப் பாதியாகும். கேபிளால் இணைத்த இரண்டாவது வைஃபை மையம் (அக்சஸ் பொயிண்ட்) எப்போதும் மேல்.

வீட்டுக்குள் எல்லா இடத்திலும் எண்கள் நன்றாக இருந்து ஸ்பீட் டெஸ்ட் மட்டும் குறைவு என்றால், நகராத கணினியிலிருந்து, கேபிளிலேயே, இரவு நேரத்தில் சில நாட்கள் ஸ்பீட் டெஸ்ட் எடுத்து நேரத்தோடு எழுதி வையுங்கள். இணைப்பு நிறுவனத்தின் உதவி இலக்கத்துக்கு அழைத்ததும் "ரவுட்டருக்குக் கிட்டப் போய்ப் பாருங்கள்" என்ற முதல் பதில் வரும். கேபிளில் எடுத்த எண்கள் என்று சொன்னால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்து, இணைப்பைப் பரிசோதிக்கும் கட்டத்துக்குப் போகும்.

4ஜி ரவுட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் சிக்கல். கோபுரத்தின் சிக்னலுக்காக அதை யன்னலோரம் வைக்க வேண்டும், வைஃபைக்காக வீட்டின் நடுவில் வைக்க வேண்டும். இரண்டையும் ஒரே பெட்டியால் நிறைவேற்ற முயன்று நடுவில் எங்கோ வைத்தால் இரண்டும் அரைகுறையாகும். யன்னலில் ஸ்பீட் டெஸ்ட் எவ்வளவு, நடு அறையில் எவ்வளவு என்று தனித்தனியாக அளந்து பாருங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் ரவுட்டரை யன்னலிலேயே விட்டுவிட்டு, அங்கிருந்து ஒரு கேபிள் இழுத்து நடு அறையில் சிறிய வைஃபை மையம் ஒன்றைப் பொருத்தலாம். கேபிள் வெளிச்சுவர் வழியாகப் போவதானால் வெயிலுக்குத் தாங்கும் கறுப்பு உறை போட்ட வெளிப்புற வகையைக் கேட்டு வாங்குங்கள். பிளக் பொருத்தி முடிந்ததும், வந்தவர் கிளம்பும் முன், அந்தக் கேபிளில் ஐபெர்ஃப்3 ஓடவிட்டு 94ஆ 940ஆ என்று பார்த்துவிடுங்கள்.